அறுபத்து நாலு பேரும் வந்தாச்சு

இல்லங்க மேடம், கண்ணை மூட வேண்டாமே. திறந்தே சொல்றேன். காலு ரெண்டும் தரையிலதான் இருக்கு. செருப்பைக் கூடக் கழட்டிட்டேன், தரை சில்லுன்னு இருக்கு. போதுமா?

இது நாலாவது வாரம். முதல் மூணு வாரமும் கதையைப் பாதி சொல்லிட்டு, மிச்ச நேரமெல்லாம் நான்தான் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். பயம்னா என்ன, அதிர்ச்சின்னா என்ன, மூளை எதை எங்க ஒளிச்சு வைக்கும்னு. நீங்களும் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கிட்டீங்க. வைத்தியத்துக்குப் போய் வைத்தியம் பாக்குறவங்களுக்கே டியூஷன் எடுத்துட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்னு வீட்டுக்காரி சொல்றா.

அவதான் அனுப்பினா. சாப்பிட உக்காந்தா நான் பேர் கூப்பிடுறேனாம். இருக்கிறதே நாலு பேரு. ஆனா ஒவ்வொருத்தரும் எதிர்ல வந்து முகத்தைக் காட்டினாத்தான் தட்டுல கை வைப்பேன். மாமியார் உள்ளேருந்து குரல் மட்டும் குடுத்தா ஒத்துக்க மாட்டேன். வந்து நிக்கணும். அவங்களுக்கு முட்டி வலி வேற. மாப்பிள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்குன்னு ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டாங்க.

சரி, நழுவுறேன். தெரியுது.

தையல் கம்பெனி, மூணாவது மாடி. நான் பாதுகாப்பு அலுவலர். பேருதான் பெருசு. மாசம் ஒரு நாள் சைரன் அடிக்கணும், எல்லாரும் படியிறங்கி வாசல்ல வரிசையா நிக்கணும், நான் பேரு வாசிச்சு டிக் அடிக்கணும். தீ ஒத்திகை. சைரன்லேருந்து கடைசி டிக் வரைக்கும் எங்க ரெக்கார்டு மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். மத்த கம்பெனியில ஏழு நிமிஷம் ஆகும். எனக்கு அதுல ஒரு கர்வம், ஒத்துக்கிறேன்.

காலர் தைக்கிற பொண்ணு ஒண்ணு. ஒத்திகைன்னா அது மட்டும் கீழ வராது. மாடியிலயே இருக்கிற துணி குடோன்ல ஒளிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போன் பண்ணும். கைக்குழந்தைக்காரி. வேற நேரத்துல போனைத் தொட விட மாட்டாங்க. பக்கத்து மெஷின்ல பட்டன் தைக்கிறவ அதுக்கும் சேர்த்து வந்தாச்சுன்னு குரல் குடுப்பா. எனக்குத் தெரியுமாவா? ரெண்டு வருஷமாத் தெரியும். குழந்தைகிட்ட பேசிட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டே கால். சைரன் அடிக்குது. நான் அடிக்கல. அந்த மாசத்து ஒத்திகை பாக்கி இருந்துச்சு, அதனால எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இறங்குறாங்க. கீழ வந்து நிமிர்ந்து பாத்தாத்தான் ரெண்டாவது மாடி ஜன்னல்ல புகை. நான் என்ன பண்றேன்? பேர் வாசிக்கிறேன். இடது கையில ஸ்டாப்வாட்ச் ஓடுது, மேடம். இருவது, இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு, இருவத்தி நாலு...

என்ன? மூணு வாரமும் இதே எடத்துல தாவினேனா? குறிச்சு வேற வச்சிருக்கீங்க. இருங்க, வரேன்.

தீயணைப்பு ஆபீசர் வண்டியிலேருந்து குதிச்சு வந்து, உள்ள யாராவது இருக்காங்களான்னு கேட்டார். அறுபத்து நாலு பேரும் வந்தாச்சு சார்னு நோட்டை நீட்டினேன். அவர் ஆளுங்களை மேல அனுப்பல. வெளியிலேருந்தே தண்ணி அடிச்சாங்க. சாயந்திரம்தான் குடோன் கதவைத் திறந்தாங்க.

விசாரணையில அந்தப் பட்டன்காரி ஒண்ணு சொன்னா. நான் இல்லன்னேன். அதிர்ச்சியில நினைவு கோணிப் போகும், நடக்காததெல்லாம் நடந்த மாதிரி தோணும், பாவம், வேணும்னு பொய் சொல்லலன்னு அரை மணி நேரம் விளக்கினேன். ராத்திரி பகலா அதுக்காகத்தான் அந்தப் புத்தகமெல்லாம் படிச்சேன். எல்லாரும் நம்பிட்டாங்க. இப்போ அவளே நம்புறா. தோழியை நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டு வேலைக்கும் வர்றதில்ல.

செவ்வாக்கிழமை இங்க வர்றா, இல்ல? நீங்க சொல்ல மாட்டீங்க. வெளிய அப்பாயின்ட்மென்ட் நோட்டுல அவ பேரைப் பாத்துட்டேன். அவளையும் நீங்க கண்ணை மூடச் சொல்லி, அன்னிக்கு என்ன கேட்டுச்சு, என்ன சொன்னீங்கன்னு கேப்பீங்க. அவ, தெரியலையே, எனக்குக் கோணலாத்தான் நினைப்பிருக்கும்னுவா. கோணல் இல்லைங்க மேடம். அவளை நம்பச் சொல்லுங்க. நீங்க சொல்லக் கூடாதுன்னா நானே வந்து சொல்றேன், விசாரணையிலயும் மாத்தி எழுதிக் குடுக்கறேன்.

இருவத்தி மூணாவது பேரு அந்தக் காலர் பொண்ணுதான். கூப்பிட்டேன். பழக்க தோஷம், வந்தாச்சுன்னு பட்டன்காரி சொல்லிட்டா. நான் டிக் அடிச்சேன். உடனே கையைத் தூக்கினா. சார், சார், அது மேலயே இருக்கு சார்னு சொன்னா. எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. வாட்ச்சைப் பாத்தேன், ரெண்டு நிமிஷம் அம்பது. அப்புறம் பேசிக்கலாம்மான்னு சொல்லிட்டு, இருவத்தி நாலாவது பேரைக் கூப்பிட்டேன்.