தாளில் இருந்த வருத்தம்

— நாலு மணிக்கு வீடு எழுதிக் குடுக்க நொத்தாரிஸ் கந்தோரில நிக்கவேணும், ஆதிலா மகள். எங்கட கொச்சிக்கடை வீட்டை வாங்கிற பஸீர் காரோட வாறன் எண்டவன். அதுக்குள்ள உங்கட வேலை முடியுமோ?

— முடியும், செபஸ்தியன் அங்கிள். கொன்ஸ்ரன்ஸ் அன்ரிட்ட ஒரே ஒரு கேள்விதான். முழங்கால் குளிசை ஆய்வில அவ சொன்ன மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். கடைசிக் கேள்வியை மட்டும் திரும்பக் கேக்கணும்.

— இஞ்சருங்கோ, பிள்ளை மூண்டு மாடி ஏறி வந்திருக்கு. முதல்ல மூச்சு விடட்டும். கொச்சிக்கடை வீடெண்டா ரோட்டில நிண்டு கூப்பிட்டாலே அடுப்படிக்குக் கேக்கும். இங்க வெள்ளவத்தையில ஆர் வந்தாலும் லிஃப்ட் ஓடுதோ இல்லையோ எண்டுதான் முதல் கதை.

— லிஃப்ட் ஓடாட்டியும் கடல் தெரியுதெல்லோ, கொன்னி. பாருங்கோ மகள், இவ பிறந்தது இந்த ஒழுங்கையிலதான். தங்கச்சி நேசமும் கீழ்மாடியில. கொச்சிக்கடையில துறைமுகம் பக்கத்தில, அந்த ஹாபர் தூசு என்ர நெஞ்சுக்கு ஒத்துவரேல்ல, அதால இங்க வாடகைக்கு வந்தம். கொச்சிக்கடை வீட்டை இண்டைக்குப் பஸீருக்கு எழுதிக் குடுத்திட்டு, இதையே வாங்கிப்போடுவம்.

— ஓமோம். அவற்ற நெஞ்சுக்குத்தானே வந்தனாங்கள். அது கிடக்கட்டும். மகள், உண்மையைச் சொல்லுங்கோ, எனக்குத் தந்தது மருந்தோ, வெறும் மாவோ?

— எனக்கே தெரியாது அன்ரி. தெரிஞ்சா கேக்கிற குரலே மாறிடும். மருந்து குடிச்சவங்களிட்ட, சுகம்தானே எண்டு சிரிச்சுக்கொண்டு கேப்பன். அவங்களும் பாவம், ஓம் எண்டுடுவாங்க. அதாலதான் எனக்கும் சொல்றல்ல, டொக்டர்மாருக்கும் சொல்றல்ல.

— நல்ல ஒழுங்கு. நான் வேலை செய்த காலத்தில ஹாபரிலயும் நிறுக்கிறவனுக்கு ஆர்ட மூட்டை எண்டு சொல்ல மாட்டினம். தெரிஞ்சா தராசில விரல் வைப்பான்.

— அங்கிள், இனி நீங்க கதைக்கக் கூடாது. சரியா? அன்ரி, தாளில இருக்கிறத அப்படியே வாசிப்பன். விளக்கம் தர மாட்டன். கடந்த இரண்டு கிழமையா மனசில கவலையா இருந்தீங்களா? ஒரு நாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும். இந்த நாலில ஒண்டைச் சொல்லுங்க.

— போனமுறை கேட்டதுதானே இது. அவ ஒவ்வொரு நாளும் எண்டு சொன்னவ. அதையே எழுதுங்கோ, நாங்கள் வெளிக்கிடுவம்.

— நான் எப்பயப்பா அப்பிடிச் சொன்னனான்?

— சொன்னனீ, கொன்னி. இனி மறைச்சு என்ன. இந்தியாவிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அந்த டொக்டர் என்னை வெளியில கூப்பிட்டு, தோளில கை போட்டுச் சொன்னவர். உங்க மனைவி கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து தினமும் வருத்தப்படுறாங்க ஐயா, கொஞ்சம் அன்பாப் பாத்துக்குங்க எண்டு. அண்டைக்கு நான் பஸ்ஸில ஏறாம நடந்துதான் வீட்ட வந்தனான். நீ கேட்டனீ, ஏன் பிந்தினது எண்டு. பஸ் இல்லையெண்டு சொன்னன்.

— அவர் அத உங்களுக்குச் சொல்லியிருக்கவே கூடாது அங்கிள்.

— நல்ல மனசோட சொன்ன மனுசன், மகள்.

— பொறுங்கோ, பொறுங்கோ. அவர் என்னட்டக் கவலை எண்டு கேக்கவே இல்லையே. வருத்தம் இருக்கோ எண்டு கேட்டார். ஓம், ஒவ்வொரு நாளும் எண்டன். எப்போதிலிருந்து எண்டார். கலியாணம் முடிச்ச வருஷத்திலிருந்து எண்டன். அது கால் வருத்தமப்பா. ஹாபர் கேற்றடியில விழுந்த வருத்தம்.

— அதுதான் அன்ரி பிழை. அந்தத் தாள் இந்தியாவில தமிழில எழுதினது. அங்க வருத்தம் எண்டா கவலை. இங்க வருத்தம் எண்டா நோய். இங்க ஒருத்தரும் கவனிக்கல்ல. எப்படிக் கவனிக்கிற? கேட்டவருக்கும் விளங்கின மாதிரி, சொன்னவங்களுக்கும் விளங்கின மாதிரி. நான் ஒரு நாள் வீட்டில என்ட உம்மாக்குச் சும்மா வாசிச்சுக் காட்டினன். வருத்தமா, ஓம் சீனி வருத்தம் இருக்கு எண்டு சொல்றா. அப்பதான் எனக்குத் திக்கெண்டது.

— இது நல்ல கூத்து.

— கூத்தில்ல அன்ரி. சிங்களத் தாளில சொல் சரி. இந்தக் குளிசை சிங்கள ஆக்கள்ட மனசையும் லேசாக்குது, தமிழ் ஆக்கள்ட மனசுக்கு ஒண்டும் செய்யல்ல எண்டு, ஆர் என்ன குடிச்சது எண்ட பட்டியல் வச்சிருக்கிற கணக்கு ஆக்கள் அறிக்கையில போட இருந்தாங்க.

— எங்கட மனசு மட்டும் என்ன கருங்கல்லோ?

— அதாலதான் எல்லாரிட்டயும் திரும்பக் கேக்கிறம். முதல் சொன்னதை அழிக்கவும் மாட்டம். பிழையான சொல்லால கேட்டது எண்டு பக்கத்தில எழுதி வைப்பம்.

— கேற்றடியில நீ எப்ப விழுந்தனீ, கொன்னி?

— மறந்திட்டீங்களோ? கலியாணம் முடிச்ச வருஷம். வெங்காயக் கப்பல் வந்த நாள். ரோட்டெல்லாம் தோல். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் வழுக்கி முழங்காலில விழுந்தன். விழுந்தாலும் சாப்பாட்டுக் கரியரை மட்டும் மேல தூக்கிப் பிடிச்சிட்டன். லொறிக்கு மேல நிண்ட நீங்கள் எல்லாரும் கைதட்டினீங்கள். அழவேண்டிய நேரத்தில எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

— ஓம், ஓம். சூடை மீன் குழம்பு. ஒரு சொட்டும் சிந்தேல்ல. பஸீர்ட வாப்பா அப்பவே சொன்னவர், இந்தப் பிள்ளையைக் கிரேனுக்குப் பதிலா வேலைக்கு எடுக்கலாம் எண்டு.

— சாகுமட்டும் அந்த மனுசன் என்னைக் கிரேன் பிள்ளை எண்டுதானே கூப்பிட்டவர். பஸீர்ட பெஞ்சாதி ருக்கியா இப்பவும் மதிலுக்கு மேலால எட்டிப்பாத்து, கிரேன் மாமி, தேசிக்காய் இருக்கா எண்டுதான் கேப்பா. கேட்டவ. இப்ப ஆரிட்டக் கேக்கிறாவோ.

— வருஷம் பிறக்கேக்க கப்பலெல்லாம் ஒண்டா ஊதும், மகள். ஒழுங்கை முழுக்க வாசலில நிண்டு, எந்தக் கப்பல் கடைசியா நிப்பாட்டும் எண்டு பந்தயம் பிடிப்பம். இவ பிடிக்கிற கப்பல்தான் எப்பவும் வெல்லும். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு காலம். அந்த டொக்டர்ட கதையைக் கேட்டாப் பிறகு, அந்தச் சிரிப்பெல்லாம் பொய்யோ எண்டு எனக்கு ஆயிட்டுது. பிறந்த ஒழுங்கையையும் இந்த வெள்ளவத்தைக் கடலையும் விட்டிட்டு என்னோட வந்து, நாப்பது வருஷமும் உள்ளுக்குள்ள அழுதிருக்கிறாள் எண்டு நினைச்சன். அதாலதான் இந்த வெள்ளவத்தை வீட்டைத் தேடிப் பிடிச்சனான்.

— அப்ப உங்கட நெஞ்சுக்கு ஹாபர் தூசு கூடாது எண்டது?

— அது நான் கட்டின கதை. உனக்காக எண்டு சொன்னா நீ அந்த வீட்டை விட்டு அரக்க மாட்டாய்.

— இருமினீங்களே. நான் கொத்தமல்லி அவிச்சுத் தந்தன், அதையும் குடிச்சீங்களே.

— நெஞ்சில ஒண்டுமில்ல, கொன்னி.

— பின்னேரத்தில கரம் போட் விளையாடப் போகாம இங்க சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள். அதுவும் நெஞ்சால எண்டுதான் நான் நினைச்சன்.

— சரி, விடு. பிழையான சொல்லெண்டாலும் நல்ல இடத்திலதான் கொண்டுவந்து விட்டிருக்கு. தங்கச்சி கிட்ட, கடல் கிட்ட. எழும்பு, பஸீர் வரப்போறான்.

— அங்கிள், அன்ரி இன்னும் பதில் சொல்லல்ல.

— அதுதான் விளங்கிட்டுதே, கால் வருத்தம் எண்டு. ஒரு நாளும் இல்லை எண்டு போடுங்கோ.

— நீங்க சொல்றத நான் போட ஏலாது. நீங்க இடையில கதைச்சதையும், நான் வாய்விட்டு விளக்கம் சொன்னதையும் எழுதத்தான் வேணும். தேவையெண்டா வேற ஒராள் வந்து திரும்பக் கேப்பாங்க. இப்ப கொஞ்சம் பல்கனியில நில்லுங்க அங்கிள். இது அன்ரி தனியச் சொல்லவேண்டியது.

— வேண்டாம் மகள், அவர் இருக்கட்டும். அவருக்கும் கேக்கவேணும்.

— அப்ப அங்கிள் பக்கத்தில இருந்தவர் எண்டும் எழுதுறன். திரும்ப வாசிக்கிறன் அன்ரி. கடந்த இரண்டு கிழமையா மனசில கவலையா இருந்தீங்களா?

— நாலாவது. ஒவ்வொரு நாளும். முன்னுக்கு இருக்கிற அந்த ‘ஏறக்குறைய’ எண்டதை வெட்டிப்போடுங்கோ.

— வெட்ட ஏலாது அன்ரி. எல்லாருக்கும் ஒரே சொல்லுத்தான். நாலாவது எண்டு போடுறன்.

— கொன்னி, எப்போதிலிருந்து?

— கொச்சிக்கடை வீட்டைப் பூட்டித் திறப்பை உங்கட கையில தந்த நாளிலிருந்து. உங்களுக்குச் சுகமில்லை எண்டு நினைச்சு நான் வாயே திறக்கேல்ல.

— ஹலோ, பஸீர்? நான் செபஸ்தியன். கீழ வந்திட்டீங்களோ? கோவிக்காதீங்கோ தம்பி, காரைத் திருப்புங்கோ. இல்லை, நாளைக்கும் இல்லை. அந்த வீட்டில ஆக்கள் இருக்கினம்.