அரை லிட்டர் தண்ணி

விழுப்புரத்தில் பஸ் ஏறியதுமே முன்சீட்டு அம்மா, பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் கேட்காமலே தக்காளியைக் கொட்டினார்.

"தோட்டத்துல இந்த வருசம் பாத்து இப்படிக் காய்ச்சித் தொலைக்குதும்மா."

"நல்லதுதானக்கா?"

"வூட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. தக்காளி, கீரை எதுவும் ஆவாது. தண்ணியே ஒரு நாளைக்கு அரை லிட்டருதான்."

"அப்ப செடிங்களப் புடுங்கிப் போட்டுடுங்களேன்."

கூட்டேரிப்பட்டு தாண்டியதும், உருண்டு விழுந்த ஒரு தக்காளியை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் திரும்ப வைத்தார் அம்மா.

"உடமாட்டாரு. சாயங்காலமானா டியூபைப் புடிச்சிக்கினு அவரேதான் தண்ணி உடுவாரு. பாத்தி ரொம்பி வழிஞ்சாலும் நிறுத்த மாட்டாரு. நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவரு தோட்டத்துல நிக்கிற அந்த நேரத்துலதான் நான் உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி குடிக்கிறது."