வாத்துப் பாட்டுக்கு அழுதவள்

மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். "வாத்துப் பாட்டுக்கு யாராவது அழுவாங்களாக்கா?" என்று இளையவர் கேட்டபோதுதான் காது கொடுத்தேன்.

"யாரு அழுதா?"

"புதுசா சேந்த செல்வி. அவங்கப்பா ஊரூராப் போய்க் கூடாரம் போட்டு, அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிறவரு. அவளுக்காகத்தான் அந்தப் பாட்டையே எழுதினேன். 'வாத்தக்கா வாத்தக்கா, வரப்பு ஒனக்கு வழுக்குச்சா?' எல்லாப் புள்ளைங்களும் குவாக் குவாக்னு ஆடுதுங்க. இவ மட்டும் தேம்பித் தேம்பி அழுவுறா."

"ஏன்?"

"அதுக்கு முந்துன நாள் சாயங்காலம் வாத்துங்க மருந்தடிச்ச வயல்ல எறங்கிடுச்சாம். அத்தனையும் செத்துப்போச்சு. எனக்குத் தெரியாதுக்கா."

"போய்ப் பாத்தியா?"

"போனேன். கூடாரத்தப் பிரிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல."

பேருந்து வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியது.

"அந்தப் பாட்ட விட்டுடு. வேற சொல்லிக்குடு."

"நான் விட்டுட்டேன். புள்ளைங்க விடலையே. வகுப்புல நுழைஞ்சதுமே அதத்தான் பாடுதுங்க. நிறுத்துங்கன்னா, குவாக்னு கத்திட்டுச் சிரிக்குதுங்க. அதுங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மூத்தவர் இளையவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.