உப்பில்லா மேடு

வெள்ளக்காரன் ஆண்ட காலத்துல, இதே நம்ம சேரியில, எட்டியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கே மூத்தவ. நடுவுல எவனாவது பேசினீங்க, எழுந்து போயிடுவேன்.

ஏரிக்குக் கீழ மேடு இருக்குதே, அது சர்க்கார் நமக்குன்னு விட்ட நிலமாம். ஆனா உழுது தின்னவன் மிராசு. அந்த வருசம் எட்டியம்மா சொல்லிட்டாளாம், இனிமே மிராசு வயல்ல நாத்து நட மாட்டோம், எங்க மேட்ட நாங்களே உழுவோம்னு. சும்மா இருப்பானா அவன்? சேரிக்கு எவனும் அரிசி விக்கக் கூடாது, கிணத்துப் பக்கம் வந்தா காலை உடைன்னு கட்டுப்பாடு போட்டானாம், பாவி. வயித்துல அடிச்சா கால்ல வந்து விழுவாங்கன்னு கணக்கு.

எட்டியம்மா வீட்டுக்கு வீடு அடுப்ப அணைக்கச் சொன்னாளாம். சேரிக்கே ஒரே அடுப்பு, ஒரே பானை. நத்தை கெடைச்சவன் நத்தை, கீரை கெடைச்சவ கீரை, ஒண்ணும் கெடைக்காதவன் சுள்ளி. அப்படியே ஓட்டினாங்களாம், அப்படியே ஓட்டினாங்களாம். கடைசியில மழை பேஞ்சு மேடு ஈரமா கெடக்குது, ஏர் புடிக்கத் தெம்பு இல்ல. இப்ப உழலேன்னா தரிசுன்னு சொல்லி அவனே எடுத்துக்குவான்.

அப்பத்தான் மிராசு வண்டி அனுப்பினானாம். அண்டா நெறைய வெறுஞ்சோறு, சட்டி நெறைய ஆட்டுக்கறிக் குழம்பு. ஏன்? ஒருத்தன் உப்பத் தின்னுட்டா அவனுக்கு எதிரா நம்ம சனம் ஏர் பூட்டாது. சாமிக்குப் பயப்படாதவன்கூட உப்புக்குப் பயப்படுவான். அந்தத் திருட்டுப் பயலுக்கு அது தெரியும்.

வாசனைக்கே புள்ளைங்க அழுவுதுங்களாம். எட்டியம்மாவோட கொழுந்தன் தாண்டவன் மொத ஆளா இலையத் தூக்கிக்கினு போனானாம். அவ தடுக்கலையே! சோத்த மட்டும் தின்னுங்க, குழம்பத் தொட்டா கைய வெட்டுவேன்னாளாம். வெறுஞ்சோத்தத் தின்னாங்க. அழுதுகினே தின்னாங்க. தின்ன கையோட மேட்டுல ஏரப் பூட்டிட்டாங்க.

மிராசு குதிரையில வந்து கத்தினானாம். "என் உப்பத் தின்னுட்டு என் நிலத்துலயே ஏர் ஓட்டுறீங்களாடா?"

எட்டியம்மா ஏருக்கு முன்னாடி நின்னு சொன்னாளாம். "உப்பு இருந்தது குழம்புலதான், அந்தச் சட்டி அப்படியே இருக்குது, போய்ப் பாரு. சோத்து நெல்லு நாங்க நட்டது, நாங்க அறுத்தது. உன்னுது உப்பு மட்டுந்தான். அத நாங்க தொடல."

மிராசு ஆளுங்க அடிச்சாங்க அவள. கை ஒடிஞ்சுது. ஏர் நிக்கல.

அதனாலதான் அதுக்கு உப்பில்லா மேடுன்னு பேரு. மொத ஏர் பூட்டுற அன்னைக்கு ஒரே பானையில பொங்கி, உப்பில்லாம தின்னுட்டுத்தான் எறங்குறோம். போன வருசம் புது மருமவ ஒருத்தி ஊறுகா கேட்டா, நல்லா வாங்கிக் கட்டிக்கினா. மிராசு வம்சத்தான் இன்னும் வரப்புல நின்னு பாக்குறான். பாக்கட்டும். அவன் பாக்கணும்னுதான் தின்னுறோம்.