மூன்றாவது தட்டு

சுருளியாண்டி: இந்தச் சுவரைத் தட்டுனா சத்தமே வரலையே. உள்ள என்னத்த வச்ச நதியா?

நதியா: ரெண்டு பலகை, நடுவுல பஞ்சுண்ணே. உங்க தம்பி ராஜமணி ஆபீஸ் சத்தம் இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக.

சுருளியாண்டி: சொன்னேன், சொன்னேன். இது என்ன கலரு?

நதியா: பச்சை ஏலக்கா. பெயிண்டுக் கடையில காயைக் காட்டித்தான் கலக்கச் சொன்னேன். சுவர் முழுக்க ஏலக்கா சாம்பிள் டப்பா வைக்கத் தட்டு... உள்ள வர்றவக காயைப் பாத்துட்டுத்தான் ஒங்க மூஞ்சியவே பாக்கணும். போடி பூராவும் தேடுனாலும் இப்படி ஒரு ஆபீஸ் செஞ்சு குடுக்க ஆளு கெடையாதுண்ணே.

சுருளியாண்டி: அவன் பக்கம்?

நதியா: இதே மாதிரிதான். ஒரு தட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

சுருளியாண்டி: கூட வச்சிருந்தா மட்டும் நான் கேக்கவா போறேன்?

நதியா: கேட்டுத்தானண்ணே நடுவுல சுவரு வந்திருக்கு! போர்டுல யாரு பேரு முதல்லன்னு ஆரம்பிச்சு...

சுருளியாண்டி: அதை விடு.

நதியா: இத்தனை வருசமா ஒரே மேசையில இருந்துட்டு...

சுருளியாண்டி: விடுன்னேன்ல! ...நீ அந்தப் பக்கம் போயி அவன் நாற்காலியில உக்காந்து போன் பேசு.

நதியா: நானா? என்ன பேச?

சுருளியாண்டி: அவன் பேசுறதை. குமுளித் தோட்டக்காரன் எவன் கூப்பிட்டு என்ன வெலை சொன்னாலும், "சரி சேட்டா, எடுத்துக்கிறேன் சேட்டா." மாட்டேன்னு சொல்ல வாயே வராது அந்தப் பயலுக்கு.

நதியா: சரி... போறேன்.

சுருளியாண்டி: ஏத்தா, பேசுறியா? ...க்ஹும். ...க்ஹும்! ...நதியா!

நதியா: பேசிட்டே வந்துட்டேண்ணே. தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு.

சுருளியாண்டி: ஒண்ணும் கேக்கல.

நதியா: அதான வேணும்னீக?

சுருளியாண்டி: நான் இருமுனது கேட்டுச்சா?

நதியா: இல்லியே. எதுக்கு இருமுனீக?

சுருளியாண்டி: தூசி.

நதியா: தூசியெல்லாம் நேத்தே கூட்டியாச்சே.

சுருளியாண்டி: அப்ப சளி. இந்தா பாரு, இந்தச் சுவரு மேல ரெண்டடியை வெட்டிரு.

நதியா: எதுக்குண்ணே?

சுருளியாண்டி: காத்துக்கு.

நதியா: ஏ.சி. போட்ட ரூமுக்கா?

சுருளியாண்டி: ஏ.சி. எனக்கு ஒத்துக்கிறாது.

நதியா: நீங்கதான ஒத்தக்கால்ல நின்னு ஏ.சி. கேட்டீக!

சுருளியாண்டி: ரொம்பப் பேசாத. வெட்டச் சொன்னா வெட்டு.

நதியா: உள்ளதைச் சொல்லுங்க, வெட்டுறேன்.

சுருளியாண்டி: ...ஒரே சீசன்ல நொடிச்சுப் போயிருவான் நதியா. சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் பேசுறது என் காதுல விழுந்தா நான் ஏதாச்சும் செய்வேன்.

நதியா: ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லியே. என்ன செய்வீக?

சுருளியாண்டி: ...செய்வேன்.

நதியா: மூணாவது தட்டுல இருக்க டப்பாவை நகட்டுங்க. ம். இப்பப் பின்பலகையை இடது பக்கமாத் தள்ளுங்க.

சுருளியாண்டி: எதுக்கு... ஏய்! அவன் மேசை தெரியுதே! யாரைக் கேட்டு இங்கன ஓட்டை போட்ட?

நதியா: உங்க தம்பியைக் கேட்டுத்தான். அவுக பக்கம் மூடி போடவே வேண்டாம்னுட்டாக.

சுருளியாண்டி: அவனா?

நதியா: போன வாரம் தனியா வந்தாக. "அண்ணன் இருமுனா நான் போனை வச்சிருவேன். அந்தச் சத்தம் கேக்காம நான் எப்படிம்மா யாவாரம் பண்றது"ன்னாக. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாக.

சுருளியாண்டி: அந்த டப்பாவை இன்னும் கொஞ்சம் நகட்டு, மறைக்குது.

நதியா: அண்ணே... அந்தப் பக்கம் கதவு திறக்குது. வந்துட்டாக போல.

ராஜமணி: சேட்டா, சுகமல்லே? ஆமா, புது ஆபீஸ்ல இருந்துதான்... வெலையா? அம்புட்டா? ...சரி, நீங்க சொன்னா சரிதான் சேட்டா, எடுத்துக்கி...

சுருளியாண்டி: க்ஹும்.

ராஜமணி: ...சேட்டா, இங்கன லைன் சரியில்ல. அப்பறமாக் கூப்பிடுறேன்.