மூன்று என்று எழுதினேன்

முதலில் அந்த ஜன்னலைத் திறங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த அறையில் யாரோ சிகரெட் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாற்றம் ஆகாது.

அல்மாத்தியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகச் சிகரெட்காரர்களை ஊதவைத்து அளப்பதுதான் என் வேலை. அவர்களைப் போலப் புளுகுகிற ஜென்மங்களை நான் பார்த்ததில்லை. இந்தக் குளிர்காலத்து ஆய்வு எளிமையானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகரெட். மீதிப் பேருக்குப் புகையிலையை எரிக்காமல் சூடு மட்டும் பண்ணும் கருவி. எரியாததால் அவர்கள் மூச்சில் கார்பன் மோனாக்சைடு ஐந்துக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்காதவன் ஒளிந்து சிகரெட் அடிக்கிறான் என்று பொருள். அப்படிப் பதினொரு பேரை விரட்டியிருந்தேன்.

ராய்கான் கருவிக்காரி. சந்தையில் உலர்ந்த தயிர் உருண்டை விற்பவள். மூன்றாவது வாரம், காலையில் வந்து ஊதினாள். இருபத்தெட்டு.

"எத்தன அடிச்சே?"

"சத்தியமா தொடலண்ணே. காலையில எந்திரிச்சா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அவ்ளோதான்."

"ஆமா, சிகரெட்டு தானா நடந்து வந்து உன் வாயில உக்காந்துக்குச்சு."

அவளை அனுப்பிவிட்டு நானே மூச்சளக்கும் மீட்டரில் ஊதினேன். மூன்று. அதை அவள் பெயருக்கு நேரே எழுதினேன். பன்னிரண்டாவதாக இவளையும் விரட்டினால் ஆய்வுக்கு ஆள் போதாது; ஒரு புளுகிக்காக நல்ல ஆய்வைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் கேட்பது இதையல்ல, தெரியும். சொல்கிறேன்.

அவளை அனுப்புவதற்கு முன் நடந்தது இது. அன்று அவளோடு மகள் அக்போத்தாவும் வந்திருந்தாள். ஐந்து வயது. "நானும் ஊதுறேன், நானும் ஊதுறேன்" என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். புதுக்குழாய் மாட்டிக் கொடுத்தேன். கன்னம் உப்ப ஊதினாள். இருபத்தாறு.

"பாத்தியா, உன் பொண்ணும் ஒளிஞ்சு அடிக்கிறா" என்றேன். ராய்கான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐந்து வயதுப் பிள்ளை சிகரெட் அடிக்காது. நானும் நிலக்கரி அடுப்பு வீட்டில் வளர்ந்தவன்தான். சூடு வீணாகக் கூடாதென்று, கரி முழுக்க எரிந்து அடங்குமுன்னே புகைபோக்கியின் தகட்டை மூடிவிட்டுப் படுப்பார்கள். நச்சுக்காற்று வீட்டுக்குள்ளேயே நிற்கும். முதலில் தலைவலிதான் வரும்.

தகட்டை மூடாதே என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அந்த இருபத்தெட்டு அடுப்பிலிருந்து வந்தது என்றாகிவிடும். அப்புறம் நான் விரட்டிய பதினொரு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களில் எத்தனை பேர் கரி அடுப்பு வீட்டுக்காரர்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்தக் கூட்டத்திடம் போய் மன்னிப்புக் கேட்பதா? குழந்தையின் கையில் ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். தாயும் மகளும் போர்வைக்குள்ளேயே இருந்தார்களாம்.

எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: ராய்கான் சிகரெட்டைத் தொடவே இல்லை. இந்த ஊரில் அவளை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.