இரும்புத் தாயின் வயிறு

சிற்பப் பூங்காவுக்கு வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது, ஐயா. வெயில் ஏறிவிட்டால் இரும்பில் கை வைக்க முடியாது.

நான் அங்கே வழிகாட்டி. கலையை மக்களுக்குப் புரியவைப்பது என் வேலை. புரிந்துவிட்டதாக அவர்களை நம்பவைத்தாலும் போதும். புல்வெளி நடுவில் நிற்கும் ‘தாய்’ இரண்டு ஆள் உயரம், உள்ளே வெறும் கூடு. பழுது பார்க்க முதுகில் ஒரு கதவு உண்டு. பார்வையாளர் வருமுன் அதை வெளியிலிருந்து தாழிட்டுவிட வேண்டும், கோடுகூடத் தெரியக் கூடாது என்பது சிற்பியின் கண்டிப்பு.

பழுது பார்ப்பவன் என் மனைவியின் தம்பி. வெல்டர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். போன வாரம் ஒரு கூட்டத்துக்குத் தாய்மையின் வெறுமையை விளக்கிக்கொண்டிருந்தேன். குறுக்கே வந்து, “மாமா, இவ்வளவு பேசுறீங்களே, இது பொம்பளையா, தண்ணி டாங்கியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கலைக் கல்லூரிப் பேராசிரியர்கூட.

நேற்று விமர்சகர்கள் வந்தார்கள். அவன் உள்ளே போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான்.

“வெளிய வாடா, ஆளுங்க வந்துட்டாங்க.”

“இருங்க மாமா, உள்ள குளுகுளுன்னு இருக்கு. பொறக்க மனசே வரல.”

சரி என்று தாழிட்டேன். கண்டிப்பு கண்டிப்புதானே.

கொஞ்ச நேரத்தில் தட்ட ஆரம்பித்தான். மூத்த விமர்சகர் காதை வைத்துக் கேட்டு, கண்ணை மூடி, “கருவின் இதயத்துடிப்பு” என்றார். பெரியவர்களை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பிறகு கத்தினான். கூட்டுக்குள் அது வார்த்தையாகக் கேட்காது, வெறும் முழக்கம்தான். “மனுஷக் குரல் மாதிரியே இருக்கே!” என்று ஓர் அம்மாள் கண்கலங்கினார். பதிவு செய்து வைத்தது என்று சொன்னேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை.

உச்சி வெயிலில் சத்தம் நின்றது. மௌனம் இன்னும் ஆழமாக இருப்பதாக மூத்தவர் சொன்னார்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. தாழிட்டவன் நான், கேட்டுக்கொண்டு நின்றவனும் நான். வன்மம் என்று மட்டும் எழுதாதீர்கள். சத்தம் ஓய்வதற்குச் சற்று முன்னால் என் மனைவி தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டல் விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் மனசு நோகக் கூடாதென்று, அவன் கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, அவளையும் காது வைத்துக் கேட்கச் சொன்னேன்.

“நல்லாருக்குங்க” என்றாள்.